ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு

பாலக்கரை இசைத்தட்டுக் கடையில், போன வாரம் வாங்கிய பெரிய எல்பி தட்டைத் திருப்பி நீட்டினார் பெலிண்டா டீச்சர்.

“கீறல் விழுந்திருக்கா?” என்றார் கடைக்காரர் ஹபீபுல்லா.

“இல்ல பாய். ஒரு பக்கத்துல ஆறு பாட்டு இருக்கு. ஒண்ணே ஒண்ணு இருக்கற தட்டா குடுங்க.”

“காலேஜ் பசங்ககூட இப்போ எல்பி கேட்டுத்தான் வராங்க. சின்னத் தட்டுன்னா பாட்டுக்குப் பாட்டு எழுந்து போய்த் திருப்பணுமே!”

“அதுக்குத்தான்.”

“பேசாம போன்ல கேளுங்க டீச்சர். நாள் பூரா தானா பாடும்.”

“அப்படித்தான் கேட்டுக்கிட்டிருந்தார் என் வீட்டுக்காரர். ஸ்ட்ரோக் வந்ததுலருந்து கட்டிலை விட்டு இறங்கல. பிசியோதெரபிஸ்ட் கெஞ்சியும் நடக்கல. போன வாரம் ஹால்ல இந்தத் தட்டைப் போட்டேன். பாட்டு முடிஞ்சு கரகரன்னு சும்மா சுத்திக்கிட்டே இருந்துச்சு. நான் வேணும்னே கிச்சனை விட்டு வரல. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அவரே வந்து திருப்பிப் போட்டார் பாய்! ஆனா, ஆறு பாட்டும் முடிஞ்சாத்தான் அடுத்து எழுந்திரிக்கிறார்.”

ஹபீபுல்லா சின்னத் தட்டுகளை மேஜையில் பரப்பினார். ஒன்றை மட்டும் உறையிலிட்டுக் கொடுத்தார்.

“மத்ததெல்லாம்?”

“எடுத்து வைக்கிறேன். சாரே வந்து வாங்கிக்கட்டும்.”