நாலாம் நம்பர் ஜன்னல்

"அப்ப நீங்கதானா அது?"

மேடம் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். மாட்டியது 'குப்பை'. மேஜை முழுக்கக் காகிதமும் காப்பிக் கறையுமாக வைத்திருப்பதால் வந்த பட்டப்பெயர்.

அந்த ஆபீசில் அவரவர் கம்ப்யூட்டரில் தெரிவது எல்லாருக்கும் பொதுவான ஒரே கறுப்புத் திரை. அதற்குள் கீழே எண்ணும் பெயரும் போட்ட ஜன்னல்கள், ஜன்னலுக்கு ஒரு வேலை. ஒன்றை மூடினால் பின்னால் உள்ளவை ஓர் எண் முன்னால் நகர்ந்துகொள்ளும்.

புதிதாக வந்த மேடத்துக்குக் காலி ஜன்னல் என்றாலே ஆகாது. நாலாம் நம்பரைச் சாயங்காலம் மூடுவார். காலையில் பார்த்தால் அதே இடத்தில் நிற்கும். பேயா, பிசாசா என்று ஒரு வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குத் திறக்கறீங்க?"

"சும்மா இருக்கட்டும்னுதான் மேடம்."

"மேஜைதான் குப்பைன்னா இதுவுமா? இன்னொரு தரம் திறந்தா மேலே எழுதிடுவேன். வேலை போயிடும்."

குப்பை பக்கத்து நாற்காலியைப் பார்த்தான்.

மேடத்துக்கு இன்னும் குழப்பம். வேலையே போகும் என்கிறேன், காரணம் சொல்ல என்ன கேடு இந்த ஆளுக்கு? நாலை மூடினார்.

டீ குடிக்கப் போயிருந்த சீனியர் அண்ணன் அப்போதுதான் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறாம் ஜன்னலில் சோதனைக்காக ஓடும் டிக்கெட் பதிவை நிறுத்தி, மறுபடி ஓடவிடுவது அவர் தினசரி வேலை. ஆறைத் தட்டினார். நிறுத்தும் கட்டளையை டைப் அடித்தார்.

"அண்ணே, கையை எடுங்க!"

குப்பை பாய்ந்து அவர் கையைப் பிடித்தான்.

நாலை மூடியதில், ஏழில் இருந்த நிஜ டிக்கெட் பதிவு இப்போது ஆறுக்கு வந்திருந்தது. என்டரில் ஒரு தட்டு விழுந்திருந்தால் ஒருத்தருக்கும் டிக்கெட் கிடைத்திருக்காது.

மேடத்துக்குப் பதறியது. "கீழே 'டிக்கெட்'னு போட்டிருக்கே, பார்க்கலையா?"

அண்ணன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். சிரித்தார்.

"'சோதனை'ன்னுதானே மேடம் போட்டிருக்கு?"

குப்பை மேடத்தை ஓரமாகக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னான்.

"கண்புரை மேடம். அடுத்த மாசம் ஆபரேஷன். அதுவரைக்கும் நம்பரை மனசுல வெச்சுத்தான் ஓட்டறாரு. மேலே தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

மேடம் விறுவிறுவென்று தன் இடத்துக்குப் போய்விட்டார். மேலே எழுதத்தான் போகிறார் என்று குப்பை முடிவே கட்டிவிட்டான்.

மறுநாள் வருவது வரட்டும் என்று எல்லாருக்கும் முன்னால் வந்து திரையைத் திறந்தான்.

நாலாம் நம்பர் ஜன்னல் ஏற்கெனவே திறந்திருந்தது. அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தது:

'யாரும் மூடக் கூடாது – மேடம்.'