தலைக்கு ஐந்து லிட்டர்

வீட்டில் பீர் காய்ச்சத் தலைக்கு ஐந்து லிட்டர்தான் அனுமதி. சங்கரலிங்கத்தின் சமையலறைச் சுவர்க்கருவி இருபத்தைந்து காட்டியது.

"குடும்ப அட்டையில நாலு பேர்தானேய்யா? அளவு மீறினதுக்கு ஒரு வருஷம் வாசல்ல சிவப்பு விளக்கு எரியும்," என்றார் ஆய்வாளர்.

மூன்று தலைமுறையாக யாரும் குறை சொல்லாத வாசல் அது. சங்கரலிங்கம் மனைவியை முறைத்தார். "எண்ணத் தெரியாதா உனக்கு?"

"நாம ரெண்டு பேரு. பெத்தது மூணு. நீங்களே எண்ணுங்க," என்றாள் கோமதி.

சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகள் பூரணியின் பெயரை ஆறு வருடத்துக்கு முன் அட்டையிலிருந்து நீக்கியவர் சங்கரலிங்கம்தான்.

"பேர் விட்டுப்போயிருந்தா இப்பவே சேர்த்துக்கலாம்," என்றார் ஆய்வாளர்.

"விட்டுத்தான் போச்சு," என்று சங்கரலிங்கம் கருவியில் கட்டைவிரலை அழுத்தினார். பச்சை எரிந்தது.

"பீர் எப்பப் பக்குவமாகும்?" என்று கோமதியிடம் கேட்டார்.

"பத்து நாள்ல."

"அதுக்குள்ள பூரணியையும் மாப்பிள்ளையையும் வரச் சொல்லு."