மீசை மேல் பந்தயம்

குண்டடம் தாண்டியிருந்த அந்தத் தரிசுக் காட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே கூட்டம் கூடிவிட்டது. பழைய டயர்களை வரிசையாக அடுக்கி, செம்மண்ணில் மேடும் வளைவுமாக ஓடுபாதை போட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணமும் புது பிளேடுமாக ஒரு சலூன்காரர். தோற்பவரின் மீசையை அந்த இடத்திலேயே வழித்துவிட வேண்டும் என்பது பேச்சு.

இத்தனைக்கும் ஓடப்போவது முழ நீளத்தில் இரண்டு ரிமோட் கார்கள்தான். ஆர்டர் கொடுக்க வந்த ஜெர்மன்காரர் ஒருவர், பனியன் கம்பெனி முதலாளி கன்னையனுக்கும் அவருடைய சகலை சுப்பையனுக்கும் ஆளுக்கொன்றாகப் பரிசளித்தவை. இரண்டும் ஒரே சிவப்பு. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இருவருக்கும் இன்னும் தெளியவில்லை.

கன்னையன் மகள் தரணியின் நிச்சயதார்த்த விருந்தில், வயிறு நிறைந்த தைரியத்தில், இரண்டு பேரும் மீசையைப் பந்தயம் கட்டித் தொலைத்தார்கள். வருகிற வியாழக்கிழமை தரணிக்குக் கல்யாணம். மீசையில்லாத முகத்தோடு பெண்ணைப் பெற்றவர் மேடையேறினால், இந்த வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று சம்பந்தி வீட்டார் கேட்க மாட்டார்களா? பந்தயம் கட்டிய நாளிலிருந்தே கன்னையனுக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டுமானால் பழனிக்கு வந்து மொட்டையே போட்டுக்கொள்கிறேன், மீசையை மட்டும் விட்டுவிடு என்று முருகனிடம் பேரம் பேசிப் பார்த்தார். பேரம் படியவில்லை. அதனால்தான் ஒரு திருட்டுக் காரியத்தில் இறங்கினார்.

போன புதன்கிழமை வீரபாண்டி பஸ் ஸ்டாப்பில் இருந்த ஒரு ரூபாய் போனுக்குப் போனார். சுப்பையனின் காரைச் சனிக்கிழமைதோறும் டியூன் செய்து தருவது தையல் மெஷின் மெக்கானிக் முனீஸ் என்று அவருக்குத் தெரியும். வாயில் துண்டை வைத்துக்கொண்டு பேசினார்.

"சனிக்கெழம உங்ககிட்ட ஒரு செவப்பு ரிமோட் காரு வருமுங்க. ஒரு பக்கத்து ஸ்பிரிங்கை நல்லா இறுக்கி உட்ருங்க. ஷாக் அப்சார்பர்ல இருக்கற எண்ணெயைச் சுத்தமா வடிச்சிருங்க. மொத வளைவுலயே கவுந்துரோணும்."

"யாருண்ணே பேசுறது? யாரு காரு அது?"

"பேரெல்லாம் எதுக்குங்க? நாளைக்கு உங்க கடை வாசல்ல ஒரு மூட்டை டி-சர்ட் கெடக்கும். அசல் எக்ஸ்போர்ட் சரக்குங்க. எடுத்து வெச்சுக்கங்க."

தப்புப் பண்ணும்போதுகூட மரியாதை குறையாத மனுஷன்!

அடுத்து, தன் காரைக் கவனிக்க மேனேஜர் பழனிமுத்துவைக் கூப்பிட்டார். பழனிமுத்து லேசுப்பட்ட ஆளில்லை. சாயத்துக்கு ஓரிடம், தையலுக்கு ஓரிடம், பட்டன் கட்ட ஓரிடம் என்று வெளியே ஜாப் ஒர்க் கொடுத்தே எப்பேர்ப்பட்ட ஆர்டரையும் சொன்ன தேதியில் லாரி ஏற்றிவிடுவார்.

"ஏனுங்க பழனிமுத்து, அந்தக் காடு பூராவும் மேடு பள்ளமுங்க. ஸ்பிரிங் மெத்துனு இருக்கோணும். அடிவயிறு மண்ணுல தட்டாம வண்டியக் கொஞ்சம் தூக்கி வெக்கோணும். முள்ளு டயரு போட்டு, ரிம்மோட சேத்துப் பசை வெச்சு ஒட்டிருங்க. என்ற மீசை உங்க கைலதானுங்க இருக்குது."

"கவலைய உடுங்க மொதலாளி. ஞாயித்துக்கெழம வண்டி ரெடியா இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதியாயிற்று. இரண்டு சிவப்பும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தன. எது யாருடையது என்றே தெரியவில்லை. கன்னையன் உதட்டுக்குள் முணுமுணுத்தார்: "கவுந்துரு கண்ணு, கவுந்துரு!"

முதல் வளைவில் ஒரு கார் எகிறி, காற்றில் கரணம் போட்டு, மல்லாக்க விழுந்தது. கன்னையன் துள்ளிக் குதித்துக் கைதட்டினார். அப்புறம்தான் ரிமோட்டை அழுத்திப் பார்த்தார். மல்லாந்து கிடந்த காரின் சக்கரங்கள் அவர் சொன்னபடியே சுற்றின.

மற்ற கார் சமர்த்தாக ஓடி எல்லைக் கோட்டைத் தாண்டியது.

"என்னங்க சகல, உங்க வண்டி கவுந்ததுக்கு நீங்களே கை தட்டறீங்க?" என்று மீசையை முறுக்கினார் சுப்பையன்.

கன்னையன் சட்டென்று கையை இறக்கினார். "உங்க காரை இந்த வாட்டியும் முனீஸ்தானுங்களா பாத்தாரு?"

"அவரேதானுங்க. ஆனா மீசை விசயமாச்சுங்களே, இந்த வாட்டி வெள்ளிக்கெழமையே வேலைய முடிச்சு வாங்கிட்டு வந்துட்டனுங்க. சனிக்கெழம சம்பள நாளு. அன்னிக்கு நம்மூர்ல எவனுக்குப் புத்தி வேலைல நிக்குது?"

சரி, சதிதான் பலிக்கவில்லை. சொந்தக் கார் ஏன் கவிழ்ந்தது? கன்னையன் ஓடிப்போய் அதைத் தூக்கிப் பார்த்தார். ஒரு பக்கத்து ஸ்பிரிங் விறைத்து நின்றது. ஷாக் அப்சார்பரில் சொட்டு எண்ணெய் இல்லை. அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சுப்பையனும் இதே புத்தியோடுதான் இருந்திருக்கிறார்! பழனிமுத்துவை வேப்பமரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"உண்மையச் சொல்லுங்க. வண்டியக் கெடுக்கச் சொல்லி சகல உங்களுக்கு என்ன குடுத்தாரு? பன்னெண்டு வருசம் என்ற உப்பைத் தின்னுபோட்டு இப்படிப் பண்ணலாமுங்களா?"

பழனிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சாமி சத்தியமாங்க மொதலாளி! நான் அந்த வண்டியக் கையாலகூடத் தொடலீங்க!"

"தொடலியா? அப்புறம் யாருதானுங்க டியூன் பண்ணுனது?"

நாற்காலிப் பக்கம் சலூன்காரர் சோப்பு நுரை போட ஆரம்பித்திருந்தார்.

"நம்ம கம்பெனியில எந்த வேலையைங்க நாமளே செஞ்சிருக்கோம்? சனிக்கெழம காத்தால முனீஸ்கிட்ட ஜாப் ஒர்க்குக்குக் குடுத்துட்டனுங்க."