நிற்க மறுத்த கார்

குரோ ஊரைத் தாண்டி, வைட்டாக்கி ஆற்றை ஒட்டிய வளைவில் லின்ட்சே பர்டியின் மூன்று சக்கரக் கார் நின்றுபோயிருந்தது. பின்மூடியைத் திறந்துவைத்து, முழங்கை வரை கிரீஸோடு அவர் இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

காருக்குள் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மனைவி நோலீன் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "மூஞ்சியிலயும் கொஞ்சம் பூசிக்கோ. கையில மட்டும் இருந்தா ஒருத்தனும் நம்ப மாட்டான்."

ஆமாம், கார் தானாக நிற்கவில்லை. பிளக் வயரைப் பிடுங்கி நிறுத்தியவரே லின்ட்சேதான்.

அவர் நிலைமை அப்படி. அந்த வட்டாரத்து விசித்திரக் கார்கள் சங்கத்தில், வழியில் நிற்காத காரை வைத்திருப்பவருக்கு மரியாதை கிடையாது. மலையேற்றத்தில் புகைந்தது, ஆட்டு மந்தைக்கு நடுவே இன்ஜினைப் பிரித்துப்போட்டது என்று ஆளாளுக்கு அளந்துகொண்டிருக்கும்போது, லின்ட்சே மட்டும் வாயை மூடிக்கொண்டு தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பாவம், அவரும் நம்பித்தான் வாங்கினார். ஒரு பண்ணையின் கோழிக் கொட்டகையில், கூரை முழுக்க எச்சத்தோடு கிடந்த கார் அது. ஃபிரிட்ஜ் மாதிரி முன்பக்கம் முழுவதுமே கதவாகத் திறக்கும். இது மாதம் ஒருமுறையாவது கழுத்தறுக்கும் என்று ஆசையாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

படுபாவிக் கார் சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. பழைய பெட்ரோலை ஊற்றிப் பார்த்தார், ஆயில் மாற்றாமல் விட்டுப் பார்த்தார். ஒரு தும்மல்கூட இல்லை.

இதற்குத் தண்டனை வெங்காயம். சங்கத்தின் ஆண்டுப் பயணத்தில் ஏரிக்கரைக்கு முதலில் போய்ச் சேருகிறவர்தான் அடுப்பை மூட்டி, சாசேஜோடு வதக்க மொத்தக் கூட்டத்துக்கும் வெங்காயம் வெட்டிவைக்க வேண்டும். வருடா வருடம் லின்ட்சேதான் கத்தியும் கண்ணீருமாக நிற்பார். 'டைம்டேபிள்' என்று பட்டப்பெயர் வேறு.

மிக மோசமாக நின்றுபோன காருக்கு ஒரு பரிசு உண்டு. உடைந்த பிஸ்டனைப் பலகையில் பொருத்திய கேடயம். அது நிரந்தரமாகச் சங்கத் தலைவர் ஆத்தல் மெக்கீ வீட்டு அலமாரியில்தான் குடியிருந்தது.

ஆத்தலின் கார் ஒவ்வொரு பயணத்திலும், சொல்லிவைத்தாற்போல், குரோ பேக்கரி வாசலில் உயிரை விடும். அங்கே தான் பட்ட பாட்டை அவர் இரவு விருந்தில் மைக்கைப் பிடித்து விவரிக்க, கூட்டம் உருகிப்போய்க் கேட்கும்.

ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. பெட்ரோல் தீர்ந்ததைப் பிரேக்டவுன் என்று சொன்ன ஒரு உறுப்பினரைப் போன வருடம் அதே மைக்கில் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார். அந்த மனிதர் காரை விற்றுவிட்டுக் கோல்ஃப் ஆடப் போய்விட்டார்.

"ஆத்தல் கண்டுபிடிச்சிட்டா என்ன பண்ணுவ? உனக்குக் கோல்ஃபும் வராதே" என்றார் நோலீன்.

"ஒரே ஒரு வருஷம், வெங்காயம் வெட்டாம சாப்பிடணும் நோலீன். நானும் ஒரு கதை சொல்லணும்." நோலீன் பேனாவை மூடிவைத்துவிட்டு, தன் கைக்குட்டையால் அவர் கன்னத்தில் கிரீஸைச் சரியாகப் பரப்பிவிட்டார்.

சங்கத்துக் கார்கள் ஒவ்வொன்றாக வந்தன. திறந்திருந்த மூடியைப் பார்த்ததும் ஹாரனை அமுக்கி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்கள். யாரும் 'டைம்டேபிள்' என்று கத்தவில்லை; லின்ட்சேக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

கடைசியாக ஆத்தல் வந்தார். இந்த வருடமும் பேக்கரி வாசலில் நின்று, ஒருவழியாகக் கிளப்பிக்கொண்டு வந்ததாகச் சொன்னபடியே இறங்கி, வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "உன் கார் நின்னுடுச்சா? தள்ளு, பார்ப்போம்."

"உங்களுக்கு எதுக்குத் தலைவரே சிரமம்? உள்ள ஏதோ பெரிய கோளாறு." லின்ட்சே உடம்பால் மறைக்கப் பார்த்தார். ஆத்தல் அவரை ஒரு கையால் ஒதுக்கிவிட்டுக் குனிந்தார்.

பிளக் வயர் பட்டப்பகலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆத்தல் அதைப் பார்த்தார்; பிறகு லின்ட்சேயின் முகத்தில் இருந்த கிரீஸைப் பார்த்தார்.

மைக், விருந்து மண்டபம், கோல்ஃப் மட்டை எல்லாம் லின்ட்சேயின் கண்முன் வந்துபோயின. காருக்குள் நோலீன் குறுக்கெழுத்துத் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"தலைவரே... வந்து... நான் என்ன பண்ணேன்னா..."

ஆத்தல் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மூடியை மெதுவாகச் சாத்தினார். மீசையில் ஒட்டியிருந்த பேக்கரித் துணுக்கைத் தட்டிவிட்டு, லின்ட்சேயின் காதருகே வந்தார்.

"யோவ், பிளக் வயரையா புடுங்குவாங்க, பார்த்ததும் தெரிஞ்சிடாது? நான் வருஷா வருஷம் உள்ள இருக்கிற இக்னிஷன் காயில் வயரைத்தான் கழட்டுறேன்."