நாற்பத்து மூன்றாம் பக்கம்

'இந்தப் புத்தகத்தை யாரும் எடுக்க வேண்டாம். எடுத்தாலும் 43ஆம் பக்கத்தை மட்டும் தயவுசெய்து படிக்க வேண்டாம்!'

புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் பச்சை மையில் எழுதியிருந்தது. பெயர் இல்லை. ரெஹானாவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

உத்தமபாளையம் பஜார் வாசகசாலையில் இது பழைய பழக்கம்தான். 'புத்தகத்தில் எழுதாதீர்' என்று சுவரில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதன் அடியில் உட்கார்ந்துதான் எழுதுவார்கள். 'அருமை', 'அறுவை', 'முடிவு சரியில்லை' என்று கடைசித் தாளில் ஒரு தீர்ப்புச் சொல்லாவிட்டால் சிலருக்குச் சோறு இறங்காது.

ஆனால் 'ஒரு டிக்கெட் போதும்' என்ற இந்த நாவலுக்கு அதுவரை ஒருத்தரும் எதுவும் எழுதியதில்லை. எழுத வேண்டுமென்றால் முதலில் எடுக்க வேண்டுமே! வந்து ஒரு வருஷமாகிறது. தேதிச் சீட்டில் மூன்றே முத்திரை. மூன்று முறையும் எடுத்தது ரெஹானாவேதான்.

காரணம் இருக்கிறது. கல்யாணமாகாத முப்பத்தாறு வயதுக்காரி டைரி எழுதுவது போல வந்த அந்தச் சிரிப்பு நாவலை, 'மைனா' என்ற பெயரில் எழுதியதே அவள்தான். இ-சேவை மையத்தில் ஊராருக்கு விண்ணப்பம் தட்டிக்கொடுப்பது அவள் வேலை. லீவு நாட்களில் உட்கார்ந்து எழுதியது இது. விஷயம் தெரிந்த ஒரே ஆள், வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் சொர்ணலதா அக்கா.

"யாருக்கா இது? எடுக்காதேன்னு சொல்ல இவுக யாரு?"

சொர்ணலதா மூக்குக் கண்ணாடியை மும்முரமாகத் துடைத்தாள். "எத்தனையோ பேரு வாராக, போறாக. யாரைன்னு பாக்க?"

"அழிச்சு விட்ருங்க."

"மையில எழுதுனதை எப்படி அழிக்க? தாளு கிழிஞ்சுரும்த்தா."

எரிச்சலுக்கு 43ஆம் பக்கமும் ஒரு காரணம். அங்கேதான் கதாநாயகியின் அம்மா வருகிறாள். தேவாரம் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம், "ஒங்க மகனுக்கு வயசு என்ன?" என்று ஆரம்பித்து, இறங்கும்போது மாப்பிள்ளை போட்டோவோடு இறங்குகிறாள். போட்டோ இருபது வருஷத்துக்கு முன் எடுத்தது என்பது மறுநாள்தான் தெரிகிறது.

தன் அம்மா லத்திபாவைத்தான் ரெஹானா அப்படியே இறக்கி வைத்திருந்தாள். நல்லவேளை, அம்மா தினசரி காலண்டரைத் தவிர எதையும் படிப்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும், இரண்டாம் பாகம் எழுதிக்கொண்டிருந்த நோட்டைப் பழைய பேப்பர் கட்டோடு சேர்த்துக் கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பேப்பர்காரர் வந்து எடுத்துப் போவார்.

"இனிமே ஒரு வரி எழுதுனேனா பாரு!" என்று சுவரிடம் சொன்னாள்.

மூன்று மாதம் வாசகசாலைப் பக்கமே போகவில்லை. அப்புறம் மனசு கேட்கவில்லை. போனால், சொர்ணலதாவின் மேஜையில் கிடந்தது புத்தகம். அட்டை ஓரமெல்லாம் மடங்கி, தேதிச் சீட்டு நிரம்பி, புதிதாக இன்னொரு சீட்டு ஒட்டியிருந்தது.

"இப்பத்தான் திரும்பி வந்துச்சு. இன்னும் ஏழு பேரு சொல்லி வச்சிருக்காக" என்றாள் சொர்ணலதா.

ரெஹானா நம்பாமல் கடைசித் தாளைப் புரட்டினாள். இடமே இல்லை.

'43ஆம் பக்கத்தில் தப்பாக ஒன்றுமே இல்லையே? ஏமாந்துவிட்டேன். மற்ற பக்கங்கள் பிரமாதம்.'

'குடும்பப் பெண்கள் படிக்கிற புத்தகமா இது?'

அதன் அடியில் வேறு கையெழுத்து: 'நான் குடும்பப் பெண்தான். இரண்டு தடவை படித்தேன்.'

'கடைசியில் அவளுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்திருக்கலாம்.'

'எதுக்கு? நல்லாத்தானே இருக்கா!'

'எங்கள் வீட்டிலும் இதே அம்மா. வாசித்துக் காட்டினேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மறுபடி வாசிக்கச் சொன்னார்.'

ரெஹானா சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண் கலங்கியது.

"அந்தப் பச்சை மை ஆளு மட்டும் கெடைச்சா, கையைப் பிடிச்சு நன்றி சொல்லுவேன்க்கா."

சொர்ணலதாவால் அதற்குமேல் முடியவில்லை. டிராயரைத் திறந்து பச்சைப் பேனாவை எடுத்து வைத்தாள்.

"எழுதுனது என் கைதான். அவுக சொல்லச் சொல்ல எழுதுனேன். அவுக எழுதுனா நீ கையெழுத்தைக் கண்டுபிடிச்சுருவியாம்."

"யாருக்கா?"

"ஒங்கம்மாதான். நீ பீரோவுல துணிக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்த காப்பியப் படிச்சுட்டாக. 43ஆம் பக்கத்துல தன்னையே பாத்ததும் எழுதுனது நீதான்னு தெரிஞ்சு போச்சாம். இங்கன வந்து தேதிச் சீட்டைப் பாத்துட்டு, 'எம்மக எழுதுனதை ஒருத்தரும் தொடலியே'ன்னு நின்னாக."

ரெஹானாவுக்கு 43ஆம் பக்கம்தான் நினைவுக்கு வந்தது. நேரே வீட்டுக்கு ஓடினாள்.

அடுப்படியில் லத்திபா திராட்சை கழுவிக்கொண்டிருந்தார்.

"நீயாம்மா எழுதச் சொன்ன?"

"சொர்ணம் வாயில ஒரு சொல்லு நிக்காதே!" கையைத் துடைத்துக்கொண்டு, அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து எதையோ உருவி நீட்டினார். பழைய பேப்பரோடு போய்விட்டதாக அவள் நினைத்திருந்த நோட்டு. "பாதியில நிக்குது. எழுதி முடி."

"நல்லாருக்குன்னு எழுதச் சொல்லிருக்கலாம்லம்மா?"

"நல்லாருக்குன்னா நம்ம ஊர்ல எவுக எடுப்பாக? படிக்காதேன்னு சொல்லு, வரிசையில வந்து நிப்பாக."

"அதுக்காக 43ஆம் பக்கத்தையா காட்டிக் குடுப்ப? ஒன்னையக் கேலி பண்ணில்ல எழுதிருக்கேன். கோவம் வரலியா?"

"வராம? அன்னிக்கு ஒனக்கு உப்பில்லாத ரசம்தானே ஊத்துனேன்!"

லத்திபா ஒரு திராட்சையை வாயில் போட்டுக்கொண்டார்.

"ஆனா மத்த பக்கமெல்லாம் நீதானே வர்ற? அந்த ஒரு பக்கத்துலதானத்தா நான் வர்றேன்!"