நாற்பது துப்பாக்கியின் கைநாட்டுகள்

1926. மலாயாவின் ஈப்போ லைசென்ஸ் ஆபீசில் ஆம்புரோஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. கடலுக்கு அக்கரையில் சண்டை போடும் நாடொன்றுக்குச் சர்க்கார் நாற்பது துப்பாக்கி விற்றிருந்தது. அங்கே துப்பாக்கியைக் கையில் வாங்கியவர்கள் ஆளுக்கொரு கைநாட்டு வைத்த பத்திரம் திரும்பி வந்துவிட்டால், அதன்பின் அங்கே நடப்பதற்குச் சர்க்கார் பொறுப்பில்லை. கிராணி ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

பத்திரத்தைக் கொண்டு வந்தவர் தரகர் உடையப்பன். ஆம்புரோஸ் ரேகைகளை எண்ணிப் பார்த்தார்.

“துப்பாக்கி நாற்பது. கைநாட்டு எழுபத்தொண்ணு இருக்கே, அண்ணே?”

“கூட இருந்தா நல்லதுதான்லா. குறைஞ்சாத்தான் வம்பு.”

ஆம்புரோஸ் முன்பு சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் கூலிகளிடம் கைநாட்டு வாங்கியவர். ரேகையைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடுவார்.

“இதுல பாதி பிள்ளைங்க விரல், அண்ணே.”

“நீ போடலைன்னா நாளைக்கு இதே நாற்காலியில வேற கிராணி உக்காந்து போடுவான். ரெண்டு பொம்பளப் புள்ள வச்சிருக்க, பாத்துக்க.”

ஆம்புரோஸ் கையெழுத்திட்டார். மை காய ஒற்றுத்தாளை அழுத்தி எடுத்தார். இரண்டு மாதம் கடலில் வந்து எப்போதோ காய்ந்திருக்க வேண்டிய கைநாட்டுகளும் அந்தத் தாளில் ஈரமாகப் பதிந்திருந்தன. எண்ணினார். எழுபத்து நான்கு.

பத்திரத்தை மறுபடி பார்த்தார். அவர் கையெழுத்துக்குக் கீழே மூன்று புதிய ரேகைகள் இருந்தன. மூன்றும் சேர்ந்து அவருடைய ஒரு கட்டைவிரலுக்குள் அடங்கிவிடும்.