ஒரு மடக்கு சரித்திரம்

மத்தியானம் ஓட்டலில், சூப்பில் ஒயின் கலந்திருக்கிறதா என்று திரும்பத் திரும்ப விசாரித்த ஹாஜா நஜ்முதீன், சாயங்காலம் ஒயின் கிளாஸும் கையுமாக நின்றதை கோபாலசாமி தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

அதுவும் அடுத்தவன் கிளாஸ்.

அமெரிக்காவில் ஒயினுக்குப் பேர்போன நாப்பாவில் ஒரு பழைய ஒயின் ஆலையை மியூசியமாக்கி வைத்திருந்தார்கள். சன்னிவேலிலிருந்து சனிக்கிழமை கிளம்பிப் போய்ப் பார்ப்பதென்று ஏற்பாடு செய்தவர் கோபாலசாமிதான். கூட வேலை பார்க்கும் ஹாஜாவும் ஜாக்சனும் வந்தார்கள். ஜாக்சனின் மனைவி பிரீத்தாவும் வந்தாள்.

கோபாலசாமிக்கு மியூசியம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஒரு போர்டு விடாமல் நின்று படித்தார். பூசைக்கென்று பாதிரியார்கள் நட்ட திராட்சைக் கொடிகள், ஆள் உயர பீப்பாய்கள், கையால் சுற்றும் பிழி யந்திரம்.

"இங்கயும் மதுவிலக்கு இருந்திருக்கு, பாத்தியா ஜாக்சன்?"

ஜாக்சன் பார்த்தான். அடுத்த போர்டுக்கு நகர்ந்தான்.

கடைசி அறையில் ஒயின் டேஸ்டிங். பிரீத்தா கிஃப்ட் ஷாப்பில் இருந்தாள். சுற்றிக் காட்டிய அம்மாள் ஆளுக்கொரு கிளாஸ் நீட்டினாள்.

"நோ, தேங்க் யூ" என்றார் ஹாஜா.

ஜாக்சனும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"பாய் சொல்றாரு, சரி. உனக்கென்னடா? உங்க சர்ச்சுல இல்லாத ஒயினா?"

"வேணாம் கோபால்."

"ஒரு வாய்டா. இது குடி இல்ல, ஹெரிடேஜ். இவ்ளோ தூரம் டிரைவ் பண்ணி வந்து போர்டை மட்டும் படிச்சிட்டுப் போறதா?"

கோபாலசாமியே ஒரு கிளாஸை எடுத்து அவன் கையில் திணித்தார். பிறகு தன் கிளாஸைச் சுழற்றி, முகர்ந்து, சரித்திரத்துக்கு உரிய மரியாதையோடு மெதுவாகக் குடித்தார்.

ஜாக்சன் கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றான். மெல்ல உதட்டருகே கொண்டுபோனான்.

அப்போதுதான் ஹாஜா குறுக்கே வந்தார்.

"இங்க குடு. எனக்கு வேணும்."

வாங்கியவர் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். திரும்பி வந்தபோது கிளாஸ் காலி.

"எப்படி பாய் இருந்துச்சு?" என்று கேட்டார் கோபாலசாமி.

"சர்ருனு எறங்கிடுச்சு" என்றார் ஹாஜா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

கோபாலசாமிக்கு வாய் நமநமத்தது. எல்லார் முன்னாலும் வேண்டாமென்று சொல்வது, அப்புறம் பக்கத்தில் நிற்பவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு மறைவாகப் போய்க் குடிப்பது. இதில் ஓட்டலில் சூப்பைப் பற்றி அத்தனை விசாரணை வேறு. திங்கட்கிழமை ஆபீஸ் கேன்டீனில் சொன்னால் ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

ஆனால் திங்கட்கிழமை வரை அவரால் தாங்க முடியவில்லை. பார்க்கிங்கில் பிரீத்தா மட்டும் முன்னால் வந்து நின்றிருந்தாள். ஹாஜாவும் ஜாக்சனும் பின்னால் பேசிக்கொண்டே வந்தார்கள்.

"ஒரு கூத்து நடந்துச்சும்மா. நம்ம பாய் எங்க முன்னாடி வேணாம்னுட்டு, ஜாக்சன் கைல இருந்த ஒயினை வெடுக்குனு பிடுங்கிட்டுப் போயிட்டாரு. ஒரு சொட்டு மிச்சம் வெக்கல."

பிரீத்தா சிரிக்கவில்லை. திரும்பி, தூரத்தில் வரும் கணவனின் நடையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அப்புறம்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

"பாய் குடிச்சிருக்க மாட்டாரு அண்ணா. கீழதான் கொட்டியிருப்பாரு."

"எதுக்கு?"

"ஜாக்சன் குடியை நிறுத்த ரீஹேப்ல இருந்துட்டு வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. ஆபீஸ்ல பாய்க்கு மட்டும்தான் தெரியும். ஒயின் ஊருக்கா, வேணவே வேணாம்னு நான் சொன்னேன். 'மியூசியம்தான்மா, நான் கூடவே இருப்பேன்'னு அவர்தான் தைரியம் சொன்னாரு."

கோபாலசாமி சாவியைத் தேடுவதுபோல் பாக்கெட்டுக்குள் கையை விட்டார்.

"அது சரி அண்ணா," என்றாள் பிரீத்தா. "ஜாக்சன் கைக்கு அந்த கிளாஸ் எப்படி வந்துச்சு?"